காலை வெயில் விழும் அறை

பத்து மணிக்கு முன்னால் வீடு காட்டக் கூடாது.
புரோக்கர் வேலையில் நான் படித்த முதல் பாடம் இது.
அதுவரைக்கும் பண்டாரவளையில்
வீடும் இல்லை, விலையும் இல்லை,
பனிமூட்டம் மட்டும்தான்.

நான் எட்டுக்கே வந்துவிட்டேன்.
கொடித்துவக்கு மாத்தயா கொழும்பில், சாவி என்னிடம்.
பார்க்க வரும் பெல்ஜியத்துக் குடும்பம்
எல்ல ஹோட்டலில் முட்டை உரித்துக்கொண்டிருக்கும்.

குவைத்தில் அப்போது ஐந்தரை.
யோகமலர் எழும்பி, மேடம் எழும்பாத நேரம்.
வீடியோ கோல் எடுத்தேன்.
"காட்டுங்க பாப்போம்" என்றாள்,
காசோடு வந்தவள் மாதிரி.

ஹோலைக் காட்டினேன், கணப்பு அடுப்பைக் காட்டினேன்.
"சாம்பல் யாரு அள்றது?"
நான்கு படுக்கையறை.
"அப்ப ஜன்னல் சீலை தொவைக்க மட்டும் ரெண்டு நாளு."
குளியல் தொட்டி.
"இங்கயும் ஒன்னு இருக்கு.
தெனம் தேய்க்கிறேன், ஒரு நாளும் ஏறினதில்ல."

குசினியில் மட்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
ஃபோனை இடப்பக்கம் திருப்பச் சொன்னாள்.
"சிங்க்கை ஜன்னலுக்கு முதுகு காட்டி வச்சிருக்கான்.
சட்டி கழுவுறவ மலையைப் பாத்திறக் கூடாதுன்னு
எவனோ யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான்."

பிறகு கேட்டாள்:
"காலை வெயில் எந்த அறைக்கு வரும்?"

ஏழு மாதமாக இந்த வீட்டை விற்கிறேன்.
தெரியவில்லை.

ஃபோனை விளக்குப் போல ஏந்திக்கொண்டு
அறை அறையாகப் போனேன்.
ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால்
குசினிக்குப் பின்னால், வேலைக்காரர் படுக்கும் அறையில்
ஒரு முழம் வெயில் விழுந்தது.

"அதுலயே நில்லுங்க."
நின்றேன்.

அவள் படுக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது.
அவள் சொன்னதில்லை.
எந்த நேரத்தில் எடுத்தாலும்
அவள் முகத்துக்குப் பின்னால் ஒரே வெளிச்சம்.

அங்கே மணி அடித்தது. திரை கறுத்தது.

பத்தரைக்கு வந்தார்கள்.
யோன் உறுதியைப் பற்றிக் கேட்டார்.
வெளிநாட்டவருக்கு அறுதியாக எழுத முடியாது,
தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை,
நொத்தாரிசு எல்லாம் பார்ப்பார் என்றேன்.
அவர்களுடைய சின்னப் பையன் விரல் மடக்கி எண்ணினான்.
"அப்போ எனக்கு நூற்றாறு வயது!"
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் கொஞ்சம் பிந்திச் சிரித்தேன்.
நான் பிறந்த லயத்துக் காம்பராவுக்கு நம்பர் இருக்கிறது.
வருடம் எதுவும் எழுதியில்லை.

மார்லீன் நடந்துகொண்டே
வடக்குச் சுவரில் கை வைத்தார்.
ஞாயிற்றுக்கிழமை ஈரத்தை மூடி நான் அடித்த பெயின்ட்
இன்னும் காயவில்லை.
உள்ளங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
டெனிமில் துடைத்துக்கொண்டார்.
விலை குறையப் போகிறது என்று நினைத்தேன்.
அவர் கேட்டதோ:
"காலை வெயில் எந்த அறைக்கு வரும்?"

யோசிக்காமல் கூட்டிப்போனேன்.
வெயில் இப்போது சுவரேறி இருந்தது.
நான் நின்ற அதே இடத்தில் அவர் நின்றார்.

என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்:
சிங்க்கைத் திருப்பிப் போட்டால் மலை தெரியும்,
என் மனைவி சொன்னாள்.
அவர் என்ன செய்கிறார் என்று கேட்டார்.
வெளிநாட்டில், வீடுகளில் வேலை என்றேன்.
என் இங்கிலீஷில் அது
கட்டடம் வரைகிறவர் போலக் கேட்டிருக்க வேண்டும்.
மரியாதையாகத் தலையாட்டினார்.
நான் திருத்தவில்லை.

இரவு மெசேஜ் வந்தது. வித்தாச்சா?
யோசித்துச் சொல்கிறார்களாம் என்று அனுப்பினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு:
அந்த வடக்குச் சுவரு
காஞ்சிருச்சா?